எண்ணெய் இல்லாத வீடு

அந்த வீட்டில் எண்ணெய் கிடையாது. சமையலுக்கும் இல்லை, தலைக்கும் இல்லை, சாமி விளக்குக்கும் இல்லை. நான் பெட்டியோடு போய் இறங்கிய மாலையில் வீட்டுக்கார அம்மா அப்பளத்தை அடுப்புத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தார். கடுகை வெறும் சட்டியில் வெடிக்கவிட்டுச் சாம்பாரில் கொட்டினார். முருகன் படத்துக்கு முன்னால் சீனன் கடை மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அவருடைய தலைமுடி வெயிலில் கிடந்த தேங்காய் நார்போலப் பழுப்பாகப் பறந்தது. நாற்பதைத் தொடாத வயதில் அப்படியொரு முடியை நான் வேறு எந்தத் தமிழ்ப் பெண்ணிடமும் பார்த்ததில்லை.

புருஷன் இல்லாதவர் என்று எஸ்டேட் ஆபீஸ் கிராணி முன்பே சொல்லியிருந்தார். ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மலேசியாவில் ராசா, பத்தாங் காலி என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே மேட்டில் இருந்த எஸ்டேட் அது. நான் மோட்டார் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். அரை வருடப் பயிற்சிக்கு என்னை எடுத்துக்கொண்டது அந்த எஸ்டேட்டின் வொர்க்‌ஷாப் மட்டும்தான். தங்குவதற்கு இடமில்லை என்று கிராணி தலையைச் சொறிந்தபோது, வொர்க்‌ஷாப் கூட்டுகிறவரின் வீட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில், ஒரு அறை சும்மா கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். நான் அக்கா என்றேன், அவர் பாப்பா என்றார்.

என் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்ததும், "அத மட்டும் வெளிய குளியலறையில வெச்சுக்கோ பாப்பா" என்றார். கோபமில்லாமல், செருப்பை வாசலில் விடச் சொல்வது போலச் சொன்னார். புக்கிட் ரோத்தானிலிருந்து அம்மா முறுக்குச் சுட்டு அனுப்பியபோது அந்த டின்னும் குளியலறைக்குத்தான் போனது. நான் முறுக்கு தின்பதற்குத் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து லயத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

தேங்காய்ப்பால் மட்டும் விதிவிலக்கு. "அதுலயும் எண்ணெய் இருக்கேக்கா" என்று ஒருநாள் கேட்டேன். படித்த புத்தி.

"பால் பால்தான். காய்ச்சி எடுத்தாத்தான் எண்ணெய்" என்றார். பிறகு சிரித்தார். "இதையும் விட்டுட்டா நான் என்னத்தத் திங்கிறது? விடுலா."

அவருடைய இன்னொரு வழக்கம், யாரைப் பார்த்தாலும் "கையக் கழுவினியா?" என்று கேட்பது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம், ரப்பர் வெட்டுக்காட்டிலிருந்து திரும்பும் பெண்களிடம், ஒருமுறை வொர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார்க்க வந்த மேனேஜர் தொரையிடமும் தமிழில் கேட்டுவிட்டார். தொரை கையை நீட்டிக் காட்டினார். அதைச் சொல்லிச் சொல்லி லயமே ஒரு வாரம் சிரித்தது.

வொர்க்‌ஷாப்பில் எண்ணெய் இல்லாத இடமே கிடையாது. அங்கே அவர் எப்படி வேலை செய்தார் என்பதை நான் ஒரு இயந்திரத்தைக் கவனிப்பதுபோலக் கவனித்தேன். மரத்தூளை மூட்டையிலிருந்து கொட்டாங்கச்சியில் அள்ளி, சிந்திய எண்ணெய்மேல் தூவுவார். அது ஊறும்வரை தள்ளி நிற்பார். ஊறியதும் நீளத் துடைப்பத்தால் கூட்டித் தகரத்தில் தள்ளுவார். விரல் எங்கும் படாது. முடித்தபின் குழாயடிக்குப் போய்ச் சலவைத்தூள் போட்டு, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். படாத கையை.

இன்னொன்றும் கவனித்தேன். எஸ்டேட்டுக்கு ஒரு பழைய ஜீப் இருந்தது. நீளக் கூரை, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. சம்பளப் பணம் எடுத்து வருவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். அது வந்து நின்றவுடன் அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்துவார். சக்கரத்தின் துளை வழியே உள்ளே பார்ப்பார். உள்ளே தெரிவது பிரேக் டிஸ்க். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. மிதியை அழுத்தினால் இரண்டு பக்கமும் பேட் கவ்வி அதை நிறுத்தும். அந்தத் தட்டில் தன் முகம் தெரிகிறதா என்று தேடுவதுபோல அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இடது பக்கம் முடிந்ததும் எழுந்துபோய் வலது பக்கம்.

அந்த நேரங்களில் ஃபிட்டர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஃபிட்டர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. இதை நான் தெரிந்துகொள்ளவே மாதம் ஒன்றாகிவிட்டது, ஏனென்றால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. ஒரே கூரைக்குக் கீழே, காலை முதல் மாலை வரை. ஃபிட்டருக்கு ஏதாவது வேண்டுமென்றால் நடுவில் யாராவது வேண்டும். "தங்கச்சி, அந்தப் பக்கம் தூள் போடச் சொல்லு" என்பார் என்னிடம். அக்கா பத்தடி தூரத்தில்தான் நிற்பார். நான் சொல்வதற்குள் தூள் விழுந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டைத் தம்பி எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், மீதி வைக்கிறாரா என்பதையெல்லாம் அக்கா பார்ப்பார். மீதி வைத்த நாளில் வீட்டில் என்னிடம், "உங்க ஃபிட்டருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். என்னவோ எனக்குத்தான் அவர் சொந்தம் என்பதுபோல.

காரணம் ஆயுத பூசையன்று தெரிந்தது. வொர்க்‌ஷாப்பைக் கழுவி, டிராக்டர்களையும் லோரியையும் ஜீப்பையும் வரிசையாக நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஜீப்பின் சக்கரத்துக்கு ஒரு பொட்டு வைக்கக் குனிந்தேன்.

"அடியாத்தி, சக்கரத்துல வெக்காதே!" டிராக்டர் ஓட்டும் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். "மூஞ்சில மட்டும் வை. சக்கரத்துல வெச்சா ஃபிட்டரு நம்மளப் பொட்டு வெச்சுப் படுக்கப் போட்டுடுவான்."

அக்கா அங்கே இல்லை. பூசை நாளில் அவர் வொர்க்‌ஷாப்புக்குள் வருவதில்லையாம். சுண்டலைத் தின்றபடி டிராக்டர் அண்ணன் கதையைச் சொன்னார். அக்காவின் புருஷன்தான் முன்பு அந்த ஜீப்பின் டிரைவர். ஒரு ஆயுத பூசை காலையில் அக்கா பூசைக்காக ஜீப்பை அலங்கரித்திருக்கிறார். கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாம் துடைத்தவர், முன்சக்கரங்கள் கழற்றிக் கிடந்ததால் டிஸ்க்கையும் பார்த்திருக்கிறார். துரு படிந்திருந்தது. சாமிக்கு வைக்கிற பொருள் இப்படியா இருப்பது என்று நல்லெண்ணெய் தொட்டு நன்றாகத் துடைத்து, பளபளவென்று ஆக்கி, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்.

"நம்ம ஆளுங்கதானே. அருவாளுக்கு எண்ணெய் தடவுறோம், மம்முட்டிக்குத் தடவுறோம். அதுக்குத் தெரியுமா, தடவக்கூடாத சாமான் ஒண்ணு இருக்குன்னு?"

மத்தியானம் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சியைக் கூட்டிவர அக்காவின் புருஷன் ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கியிருக்கிறார். இறக்கத்தின் கடைசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஜீப் பாலத்துக் கட்டையை உடைத்துக்கொண்டு ஓடைக்குள் போய்விட்டது. அவர் பிழைக்கவில்லை. பிள்ளை இங்கே தானாகப் பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளைதான், பல் விழுந்த வாயோடு எங்களிடம் சுண்டலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

"போலீஸ்காரன் வந்து நிக்கிறப்பவே அக்கா ஓடியாந்து மாருல அடிச்சிக்கிட்டு, நாந்தான் எண்ணெய் தடவினேன், நாந்தான் எண்ணெய் தடவினேன்னு கத்திச்சு. அப்புறம் யாரு எதப் பாக்கப்போறா? மச்சான்னா ஃபிட்டருக்கு உசுரு. அன்னியிலேர்ந்து பேச்சு இல்ல."

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். அக்கா மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். என் கைகளைப் பார்த்து, "கழுவினியா?" என்றார். நான் திரும்பிப்போய்க் கழுவினேன். அதன்பிறகு அந்த வீட்டில் எனக்கு எதைத் தொட்டாலும் ஒரு கூச்சம் இருந்தது. கதவுத் தாழ்ப்பாள் கீச்சிடும். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அது பல வருடமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே வரப் போகிறவர் வாசலிலேயே நிற்பதுபோன்ற சத்தம்.

பயிற்சி முடியும் தறுவாயில் ஜீப் உதற ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் ஆடியது. டிஸ்க் நெளிந்திருக்கும் என்று ஃபிட்டரிடம் சொன்னேன். "பாத்து எழுது தங்கச்சி, படிச்சது எதுக்கு?" என்றார். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். சக்கரத்தைக் கழற்றினேன். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரை அவிழ்த்து, ஹோஸில் தொங்காதபடி கம்பியால் கட்டினேன். டிஸ்க்கின் தடிமனை வெர்னியரால் பல இடத்தில் அளந்தேன்.

ஃபிட்டர் சிரித்தார். "எங்களுக்கெல்லாம் கட்டைவிரல்தான் வெர்னியரு. ஓரத்துல விரல வெச்சா தெரியும். நெளிஞ்சிருந்தா ராவாங் டவுன்ல லேத்துக்காரன்கிட்டக் குடுத்து ஸ்கிம் பண்ணிக் கொண்டாந்து மாட்டுவேன். புதுசு கேட்டா தொரை குடுப்பானா?"

ஸ்கிம் என்றால் நெளிந்த முகத்தைச் சீவிச் சமப்படுத்துவது. ஒவ்வொரு சீவலிலும் தட்டு மெலியும். அதற்கு ஒரு எல்லை உண்டு. இதற்குக் கீழே போனால் தூக்கிப்போடு என்ற அளவை டிஸ்க்கின் விளிம்பிலேயே பொறித்திருப்பார்கள். கழற்றிய டிஸ்க்கில் துரு ஏறி அந்த எழுத்து படிக்க முடியவில்லை. இதே ஜீப்பின் வேறு டிஸ்க் எங்காவது கிடக்கிறதா என்று டிராக்டர் அண்ணனைக் கேட்டேன்.

"தெனம் காலையில கேக்கிறியே, அதான்" என்றார்.

பெரட்டுக்களத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்தில், மரத்தில் ஒரு இரும்புத் தட்டு தொங்கும். விடியலில் அதை அடித்துத்தான் லயத்தை எழுப்புவார்கள். விபத்துக்குப்பின் ஜீப்பை ராவாங்கில் சரிசெய்து அனுப்பியபோது பழைய சாமான்களைச் சாக்கில் போட்டுக் கொடுத்தார்களாம். ஃபிட்டர் அந்தச் சாக்கை அவிழ்க்கவே இல்லை. வாட்ச்மேன் ஒன்றை எடுத்து மணியாக்கிவிட்டார். அதைக் கேட்டுத்தான் அக்காவும் தினமும் எழுந்துகொண்டிருந்தார்.

களம் காலியாக இருந்த மதியத்தில் போய், கம்பித் தூரிகையால் விளிம்பைத் தேய்த்தேன். எழுத்து தெரிந்தது: பதினெட்டு மில்லிமீட்டர். வெர்னியரை வைத்தேன். பதினைந்துகூட இல்லை. நடுவிலிருந்து விளிம்பு வரை முடிபோல ஒரு விரிசலும் ஓடியது.

எனக்குப் புரிந்துவிட்டது. தட்டு அவ்வளவு மெலிந்தால் அதைக் கவ்வுவதற்கு உள்ளே இருக்கும் பிஸ்டன் எட்ட முடியாத தூரம் எட்ட வேண்டும். சூடான ஒரு இறக்கத்தில், பேட்டும் தேய்ந்திருந்தால், அது தன் உறையைவிட்டு வெளியே வந்துவிடும். பிரேக் எண்ணெய் முழுக்க வெளியே கொட்டிவிடும். மிதி தரையைத் தொடும். ஓடையில் விழுந்த ஜீப்பில் கொட்டியதை யார் பார்க்கப் போகிறார்கள்? நல்லெண்ணெய் தடவியதாக ஒருத்தி கத்திக்கொண்டிருக்கும்போது யார் தேடப் போகிறார்கள்?

நான் ஓட்டமாக வீட்டுக்குப் போனேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்டனுக்குத் தீப்பெட்டியை வைத்துக் காட்டினேன். "எண்ணெய் காரணமில்லக்கா. நீங்க காரணமே இல்ல. டிஸ்க்கு மெலிஞ்சு போச்சு."

அவர் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

"யாரு கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல. முதல்ல உங்ககிட்டதான்."

"அந்த டிஸ்க்க மாட்டினது யாருன்னு யோசிச்சியா பாப்பா?"

நான் யோசிக்கவில்லை. அளவு, விரிசல், பிஸ்டன், மிதி என்று வரிசையாக எல்லாவற்றையும் யோசித்தவள் அதை யோசிக்கவில்லை. மூன்று முறையோ நான்கு முறையோ சீவி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று மாட்டிய கை ஃபிட்டருடையது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் அக்கா. "நான் எண்ணெய் தடவினது நெசம். பொய் இல்ல. ஆனா சக்கரம் மாட்ட வந்தப்ப அவரு பாத்துட்டாரு. பாத்துட்டு என்னா சிரிப்பு தெரியுமா? என்னடி, சாமிக்குத் தலைக்கு ஊத்தினியான்னு. சோப்புத்தண்ணி கொண்டாந்து தேச்சித் தேச்சிக் கழுவினாரு. கழுவறப்பதான் அவரு கையில பட்டிருக்கு. ஏய், இது அப்பளமா ஆயிடுச்சு, உன் தம்பிகிட்டச் சொல்லணும்னாரு. அப்புறம் அவரே, இன்னிக்கு வேணாம், பூசை நாளு, அவன் சாப்பிடாம உக்காந்துடுவான், நாளைக்குச் சொல்றேன்னாரு."

கீரைத்தண்டு ஒன்றை ஒடித்தார்.

"பாலத்துக்கிட்டப் போய் நிக்கிறேன். இவன் ஓடை ஓரத்துல உக்காந்து டிஸ்க்கு, டிஸ்க்குன்னு முணங்கறான். பைத்தியம் புடிச்சாப்புல. ஒருத்தர்தான் போயிட்டாரு. இவனையும் குடுக்க முடியாதுன்னு தோணிச்சு. தடவினதச் சொன்னேன். கழுவினதச் சொல்லல. அவ்ளோதான்."

"அப்போ இந்த வீடு... எண்ணெய்..."

"நம்பணும்ல? எண்ணெயத் தொடாம இருந்தா நம்புவான்னு விட்டேன். அவனுக்காகத்தான் ஆரம்பிச்சது." அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "இப்ப என்னா ஆச்சு தெரியுமா பாப்பா? தடவினது அப்படியே கண்ணு முன்னால நிக்குது. துணி, கிண்ணம், வாசம் எல்லாம். கழுவினது வரமாட்டேங்குது. அவரு சிரிச்சாரே, அந்த மூஞ்சி வரமாட்டேங்குது. நானா இட்டுக்கட்டிக்கிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு. நீ அந்த டிஸ்க்கப் பாத்தியே, கழுவியிருந்துச்சா இல்லையான்னு சொல்ல முடியுமா?"

"அது முடியாதுக்கா. தடிமன் மட்டும்தான் தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கீரைத் தண்ணீரில் மண் தங்கும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அவன்கிட்ட வாயத் தொறக்காத" என்றார். தொறக்கமாட்டேன் என்றேன்.

அந்த வாரமே தொரை புது டிஸ்க்குக்கு ஒப்புக்கொண்டார். தொரையின் பெண்டாட்டியே ஒருநாள் அந்த ஜீப்பில் உதறிக்கொண்டே வந்து இறங்கியதால் கிடைத்த கருணை என்றார் டிராக்டர் அண்ணன். பெட்டி ராவாங்கிலிருந்து வந்தது. நான் காகிதத்தைப் பிரித்தேன். டிஸ்க்கின் மேல் எண்ணெய் மின்னியது. கடையில் கிடக்கும்போது துருப்பிடிக்காமலிருக்க அப்படித்தான் பூசி அனுப்புவார்கள்.

கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரு அடி பின்னால் போனார். "புதுசுலயே எண்ணெயா?"

"ஆமாக்கா. கழுவித்தான் மாட்டணும்."

"கழுவினா போயிடுமா?"

"சுத்தமா போயிடும்."

"சோப்புப் போட்டா?"

"நல்லா தேச்சா சோப்புலயும் போகும். பெட்ரோல்னா சீக்கிரம்."

"அப்போ தேச்சா போயிடும்" என்றார் மறுபடியும், எனக்குச் சொல்வதாக இல்லாமல். நான் கந்தலைப் பெட்ரோலில் நனைத்து இரண்டு முகத்தையும் துடைத்தேன். பிறகு வெள்ளைத் துணியால் துடைத்து அவரிடம் காட்டினேன். துணியில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஃபிட்டர் மறுபக்க டிஸ்க்கை மாட்டிக்கொண்டிருந்தார். போல்ட்டை முறுக்கியபடியே, "தங்கச்சி, பெரட்டுக்களத்துல எதையோ அளந்தியாமே?" என்றார்.

"சும்மா, கை பழக்கத்துக்குண்ணே."

"அதுல அளக்க என்னா இருக்கு? எண்ணெயக் கண்ட டிஸ்க்கு." அக்காவுக்குக் கேட்கும்படிதான் சொன்னார். அக்கா தூள் தூவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் மாட்டி, புது பேட் வைத்து, காற்று போகும்வரை மிதியை மிதித்து, நட்டுகளைக் குறுக்கு மறுக்காக முறுக்கி, ஜீப்பை இறக்கினோம். இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை ஃபிட்டர் எப்போதும் தனியாகத்தான் செய்வார். அவர் ஏறி உட்கார்ந்தார். இடது பக்கக் கதவு திறந்தது. அக்கா ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிராக்டர் அண்ணன் தேநீர்க் குவளையை வாயருகே வைத்தபடி நின்றுவிட்டார்.

ஃபிட்டர் நேராகப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி, அவங்கள எறங்கச் சொல்லு" என்றார்.

"அக்கா..."

"எறங்கமாட்டேன். வண்டிய எடுக்கச் சொல்லு பாப்பா."

"வேல நேரத்துல வெளையாட்டு வேணாம்னு சொல்லு."

"வெளையாட்டு இல்ல. எனக்கும் பாக்கணும், புடிக்குதான்னு. சொல்லு."

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஜீப் நகர்ந்தது. நாங்கள் மேட்டு விளிம்பில் நின்றோம். பிரேக் வேலைக்குப் பிறகு என்னென்ன சத்தம் வரக்கூடாது என்று எனக்கு மனப்பாடம்: கீச்சு, உறுமல், தட்டல், உதறல். முதல் வளைவில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. கடைசி வளைவில் கியர் இறங்கியது. ஜீப் பாலத்துக்கு முன்னால் சுத்தமாக நின்றது. இஞ்சின் அணைந்தது.

அது அங்கேயே நின்றது. மேலிருந்து பார்க்கக் கூரை மட்டும்தான் தெரிந்தது. கதவு திறக்கவில்லை. டிராக்டர் அண்ணனின் குவளையில் சாயத்தண்ணீர் ஆறிவிட்டது. "புடிச்சிச்சுல்ல? அப்புறம் ஏன் வரல?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒருவழியாக இஞ்சின் சத்தம் கேட்டது. ஜீப் மெதுவாக ஏறி வந்து வொர்க்‌ஷாப் வாசலில் நின்றது. அக்கா முதலில் இறங்கினார். அவருடைய முகத்தை நான் அதுவரை பார்த்த முகம் என்று சொல்ல முடியாது. அழுதிருந்தார், ஆனால் பத்து வயது குறைந்திருந்தது. என் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"அவன் என்னைய அக்கான்னு கூப்பிட்டான் பாப்பா."

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"ச்சே. டிஸ்க்கப் பத்தி ஒரு வார்த்த பேசல. உன்னைப் பத்தியும் பேசல. உன் மச்சான் அன்னிக்கு அதப் பாத்துட்டாருடா, சோப்புப் போட்டுக் கழுவிட்டாருடா, சிரிச்சிக்கிட்டே கழுவினாருன்னு மட்டும் சொன்னேன். இன்னொருத்தருக்கும் அது தெரிஞ்சிருக்கணும்ல? நான் மட்டும் வெச்சிருந்தா அழிஞ்சே போயிடும். அவன் பாலத்துக் கட்டையவே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம், சாமிக்குத் தலைக்கு ஊத்தினியான்னு கேட்டிருப்பாரேக்கா, அவரு அப்படித்தானே பேசுவாருன்னான். நான் சொல்லவே இல்ல பாப்பா, அவனா சொன்னான்! அவரு சிரிச்ச மூஞ்சி வந்துடுச்சு. இப்பக்கூட இருக்கு, இங்க." நெற்றிக்கு முன்னால் கையை விரித்துக் காட்டினார்.

நான் அவருடைய தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிட்டர் ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தார். கதவைச் சாத்தவில்லை. என் மேசைக்குப் போனார். கம்பித் தூரிகையை நகர்த்திவிட்டு, அதன் கீழே இருந்த வெர்னியரை எடுத்தார். அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். பிறகு வெயிலில் இறங்கிப் பெரட்டுக்களத்தை நோக்கி நடந்தார்.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்த அரை வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. துடைப்பம் ஒரு பக்கம் விழ, செருப்பு கழல, "டேய் தம்பி, அளக்காதடா! தம்பி, அளக்காதடா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். களம் தூரமில்லை. ஆனால் ஃபிட்டர் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். மரத்தடியில், ஆடாமலிருக்க ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, நான் செய்ததைப்போலவே, விளிம்பில் எதையோ படிக்கக் குனிந்திருந்தார்.